ஐகாம் ஐசி-910எச்: பன்னிரண்டு ஆண்டு அனுபவமும், கொங்கு நாட்டில் இதை வைத்திருக்கும் நண்பர்களின் கருத்தும்

பல்லடத்துக்குத் தெற்கே, தாராபுரம் சாலையை ஒட்டிய ஒரு தோட்டத்து வீட்டில் நான் குடியிருக்கிறேன். 2013ஆம் ஆண்டு கார்த்திகை மாதத்தில், ஐகாம் நிறுவனத்தின் ஐசி-910எச் என்னும் அமெச்சூர் ரேடியோ (உரிமம் பெற்றுப் பொழுதுபோக்காக வானொலி அலைகளில் பேசுவது) செட்டை, ஏற்கெனவே ஒருவர் பயன்படுத்தியதாக, அப்போதைய புதிய ஸ்கூட்டர் ஒன்றின் விலைக்கு வாங்கினேன். இன்றுவரை அதுவே என் மேசைமேல் இருக்கும் முதன்மைச் செட். கோபி, சோமனூர், ஈரோடு, தாராபுரம், சத்தியமங்கலம் என்று நம் வட்டாரத்தில் இதே செட்டை வைத்திருந்த, அல்லது இப்போதும் வைத்திருக்கிற ஐந்து பேரைப் பல ஆண்டுகளாக அறிவேன். அவர்கள் இதைப் பற்றிச் சொல்லும் கருத்துகள் ஒன்றுக்கொன்று முரணானவை. ஒருவர் இதற்கு இணையில்லை என்கிறார், இன்னொருவர் காசு வீண் என்கிறார். இந்த வேறுபாட்டுக்குக் காரணம் என்ன என்பதை ஒவ்வொருவர் வீட்டுக்கும் போய்ப் பார்த்த பிறகுதான் எனக்குப் புரிந்தது. அதை எழுதி வைப்பது, இதை இப்போது வாங்க நினைப்பவருக்கு உதவும் என்று நம்புகிறேன்.

இது கைக்கு அடக்கமான செட் அன்று. வண்டியில் பொருத்துவதற்காகச் செய்ததும் அன்று. வீட்டில் நிலையாக வைத்துப் பேசுவதற்கென்றே செய்த, இரண்டு அலைவரிசை வரம்புகளில் (பட்டைகளில்) இயங்கும் செட். 24 சென்டிமீட்டர் அகலமும் நான்கரைக் கிலோ எடையும் கொண்டது. 144 மெகாஹெர்ட்ஸ் பட்டையில் 5 முதல் 100 வாட் வரையிலும், 430 மெகாஹெர்ட்ஸ் பட்டையில் 5 முதல் 75 வாட் வரையிலும் வெளியிடும். எஃப்.எம்., எஸ்.எஸ்.பி. (குறுகிய அலைவரிசை இடத்தில் குரலை அனுப்பும் முறை), மோர்ஸ் ஆகிய மூன்று முறைகளிலும் இயங்கும். 1200 மெகாஹெர்ட்ஸ் பட்டைக்கான பலகையைத் தனியாக வாங்கிச் சேர்த்துக்கொள்ளலாம். நம் பக்கத்தில் அதைச் சேர்த்தவரை நான் பார்த்ததில்லை. பின்புறத்தில் ஒவ்வொரு பட்டைக்கும் தனி ஆன்டெனா இணைப்பு உண்டு. தயாரிப்பு நின்று பல ஆண்டுகள் ஆகிவிட்டதால், இன்று கிடைப்பதெல்லாம் பழைய செட்டே.

இதன் உயிர்நாடி ஒன்றே ஒன்றுதான். ஒரு பட்டையில் நாம் பேசிக்கொண்டிருக்கும்போதே மற்றொரு பட்டையில் கேட்டுக்கொண்டிருக்கலாம். விண்ணில் பறக்கும் அமெச்சூர் செயற்கைக்கோள் ஒன்றின் வழியாக நாம் அனுப்பும் குரல், அங்கிருந்து வேறு பட்டையில் திரும்பி வரும்போது, அதை அந்தக் கணமே நம் காதால் கேட்டு, நாம் சரியான அலைவரிசையில் இருக்கிறோமா, குரல் தெளிவாக இருக்கிறதா, தேவைக்கு மேல் வலுவாக அனுப்புகிறோமா என்பதை அறிந்துகொள்ள முடியும். முதன்முதலில் இதைக் கேட்க வந்த பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர், "என்னங்க, உங்க பேச்சே உங்களுக்குத் திரும்பி வருதுங்களா?" என்று வியந்து, செயற்கைக்கோள் அடிவானத்தில் மறையும் வரை எழுந்து போகவே இல்லை.

செயற்கைக்கோள் வழியாகப் பேசுவதில் இரண்டு இடர்கள் உண்டு. ஒன்று டாப்ளர் நகர்வு. கோள் நம்மை நோக்கி வரும்போது அலைவரிசை கூடியும், விலகிச் செல்லும்போது குறைந்தும் கேட்கும். 145 மெகாஹெர்ட்ஸில் இது ஏறத்தாழ 3 கிலோஹெர்ட்ஸ், 437 மெகாஹெர்ட்ஸில் 10 கிலோஹெர்ட்ஸ் வரை போகும். மற்றொன்று, எஸ்.எஸ்.பி. முறைக்கான பல கோள்களில் உள்ள டிரான்ஸ்பாண்டர் (வாங்கிய அலையை வேறு பட்டையில் திருப்பி அனுப்பும் கருவி), அலைவரிசையைத் தலைகீழாகத் திருப்பி அனுப்புவது. நாம் அனுப்பும் அலைவரிசையைக் கூட்டக் கூட்ட, கீழே வரும் குரலின் அலைவரிசை குறைந்துகொண்டே வரும். இரண்டு தனிச் செட்டுகளை வைத்துக்கொண்டு, ஒரு கையால் ஒன்றைக் கூட்டி மறு கையால் மற்றொன்றைக் குறைத்து, இடையில் மைக்கையும் பிடித்துப் பேசியவர்களுக்குத்தான் இதன் சிரமம் தெரியும். ஐசி-910எச்சில் சாட்டிலைட் முறைக்கு மாற்றி, எதிர்த்திசைத் தொடர்பைத் தேர்ந்துவிட்டால், ஒரே டயலைச் சுழற்றும்போது அனுப்பும் அலைவரிசையும் கேட்கும் அலைவரிசையும் தாமாகவே எதிரெதிராக நகர்கின்றன. இப்படிப் பத்துக் கோள்களின் அமைப்புகளை நினைவில் சேமித்தும் வைக்கலாம்.

நான் இதை வாங்கியதற்கு ஒரே காரணம் ஹாம்சாட். 2005ஆம் ஆண்டு மே 5ஆம் நாள் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பி.எஸ்.எல்.வி.-சி6 ராக்கெட்டில், கார்ட்டோசாட்-1 உடன் சேர்த்து இஸ்ரோ அனுப்பிய சின்னஞ்சிறு கோள் அது. உலகெங்கும் உள்ள ஹாம்கள் (அமெச்சூர் ரேடியோக்காரர்கள்) அதை விஓ-52 என்று அழைத்தார்கள். அதில் இருந்த இரண்டு டிரான்ஸ்பாண்டர்களில் ஒன்று நம் நாட்டில் செய்தது, மற்றொன்று நெதர்லாந்தில் செய்தது. 435 மெகாஹெர்ட்ஸில் மேலே அனுப்பி 145.9 மெகாஹெர்ட்ஸ் அருகில் கேட்க வேண்டும். நம் நாட்டுக் கோளின் வழியாக, நம் தோட்டத்தில் இருந்தபடி, கடல் கடந்து இருப்பவருடன் பேசிய அந்தச் சில மாதங்களை நான் இன்னும் நெஞ்சில் வைத்திருக்கிறேன். 2014 ஜூலையில் அது ஓய்ந்துபோனது. எனக்குக் கிடைத்தவை எட்டு மாதங்களே. அதற்குப் பின் கூட்டுக்குள் போய்விட்ட என் ஆர்வத்தை மீட்டது, 2019 டிசம்பரில் ஏவப்பட்ட ரஷ்யாவின் ஆர்எஸ்-44 கோள். அது ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேலே பறப்பதால் ஒரு முறை நம் வானத்தைக் கடக்க இருபது நிமிடத்துக்கு மேலும் எடுத்துக்கொள்கிறது, நிதானமாகப் பேசலாம்.

இனி மற்றவர்கள் சொன்னவற்றுக்கு வருகிறேன். கோபிச்செட்டிபாளையத்தில் இருக்கும் நண்பர், ஓய்வு பெற்ற அறிவியல் ஆசிரியர். "75 வாட் என்பது பெட்டியில் எழுதியிருப்பது மட்டும்தான், 430 பட்டையில் இந்தச் செட் வெறும் கூடு" என்று அவர் ஓராண்டுக் காலம் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் வீட்டு மாடியிலிருந்து செட் வரை இருபது மீட்டருக்கு ஆர்ஜி-58 கேபிள் இழுத்திருந்தார். மெல்லிய அந்தக் கேபிளில் 435 மெகாஹெர்ட்ஸில் இருபது மீட்டருக்கு ஏழு டெசிபெல்லுக்கும் மேல் இழப்பு ஏற்படும். அதாவது செட்டிலிருந்து புறப்படும் 75 வாட்டில் ஆன்டெனாவைச் சேர்வது 15 வாட்டுக்கும் குறைவு. அனுப்புவதில் மட்டும் இழப்பென்றால் பொறுத்துக்கொள்ளலாம். மேலிருந்து வரும் மெல்லிய குரலிலும் அதே பங்கை அந்தக் கேபிள் விழுங்கிவிடுகிறது. அதே நீளத்துக்கு ஆர்ஜி-213 போட்டால் பாதி போய்ச் சேரும். எல்எம்ஆர்-400 போட்டால் மூன்றில் இரண்டு பங்கு போய்ச் சேரும். ஆசிரியர் கேபிளை மாற்றினார். அதன் பிறகு அவரிடமிருந்து அந்தக் குறை ஒருமுறைகூட வரவில்லை. ஒரு வாய்க்காலில் வரும் நீர் வயலுக்கு வரவில்லையென்றால் அணையைக் குறை சொல்வதற்கு முன் வாய்க்காலின் கரையைப் பார்க்க வேண்டும் என்று, கொடிவேரிப் பாசனத்தில் வளர்ந்த அவரே பின்னர் சொன்னார்.

சோமனூர் நண்பர் விசைத்தறி வைத்திருப்பவர். அவருடைய குறை இரைச்சல். தறிகள் ஓடும் நேரத்தில் செட்டின் மீட்டர் பாதிக்கு மேல் ஏறி அங்கேயே நிற்கும்; தறிகள் நிற்கும் நாளில் அதே செட் அமைதியாகக் கேட்கும். செட்டில் உள்ள நாய்ஸ் பிளாங்கர் மோட்டார் சைக்கிள் பொறி போன்ற துடிப்பான இரைச்சலை நன்றாக வெட்டுகிறது என்பதை நானும் கண்டிருக்கிறேன். ஆனால் மலிவு எல்.இ.டி. விளக்குகளும், மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் டிரைவ்களும் எழுப்புகிற இடைவிடாத சீற்றத்தை அதனால் எதுவும் செய்ய முடியவில்லை. அதற்கு யுடி-106 என்னும் டி.எஸ்.பி. (ஒலியை எண்முறையில் தூய்மையாக்கும்) பலகையை உள்ளே பொருத்த வேண்டும். அது இரைச்சலைக் குறைப்பதோடு தொடர்ந்து ஒலிக்கும் விசில்களையும் தானே நீக்கும். இந்தப் பலகை செட்டோடு வருவதில்லை, தனியாக வாங்க வேண்டும் என்பதை நான் ஒரு குறையாகவே கருதுகிறேன். இவ்வளவு விலையுள்ள செட்டில் அது உள்ளேயே இருந்திருக்க வேண்டும். மோர்ஸுக்கான குறுகிய ஃபில்டரும் அப்படியே தனி விலை. எனக்குச் செட்டை விற்றவர் அந்த ஃபில்டர் உள்ளே இருப்பதாகச் சொல்லியே விற்றார்; வீட்டுக்கு வந்து மூடியைத் திறந்து பார்த்தபோது அந்த இடம் வெற்றாக இருந்தது. அந்த ஏமாற்றம் ஆற நெடுநாள் ஆனது.

ஈரோட்டில் இருக்கும் இளைஞர் இதை விற்றுவிட்டு 2019இல் வெளிவந்த ஐசி-9700க்கு மாறியவர். அவருடைய கருத்தை முழுமையாக மதிக்கிறேன். புதிய செட்டில் பட்டையின் ஒரு பகுதி திரையில் விரிகிறது. யார் எங்கே பேசுகிறார்கள் என்பதும், தன் குரல் எங்கே திரும்பி வருகிறது என்பதும் ஒரே பார்வையில் தெரிந்துவிடுகிறது. ஐசி-910எச்சில் டயலைச் சுழற்றித் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். பத்து நிமிடமே தெரியும் கோளில் முதல் இரண்டு நிமிடம் தேடலிலேயே போய்விடும். கணினியோடு இணைப்பதிலும் புதிய செட் எளிது. அதற்கு ஒரு யு.எஸ்.பி. கம்பி போதும், இதற்கோ சிஐ-வி என்னும் கட்டுப்பாட்டுத் துளைக்கும் கணினிக்கும் இடையே மின்னழுத்த மட்டம் மாற்றும் சிறு சுற்று ஒன்று தேவை. என் வீட்டில் அந்தச் சுற்றை ஒரு சுற்றுப் பலகைத் துண்டில் நானே பற்றவைத்துச் செய்துகொண்டேன். அதன் வழியே டாப்ளர் திருத்தத்தைக் கணினியே பார்த்துக்கொள்கிறது. இன்னொன்றையும் அவர் சரியாகச் சொன்னார். இச்செட்டின் அலைவரிசை நிலைத்தன்மை மில்லியனில் மூன்று பங்கு. 435 மெகாஹெர்ட்ஸில் இது 1.3 கிலோஹெர்ட்ஸ் வரை விலக இடம் கொடுக்கும். எஃப்.எம்.மில் இது தெரியாது, எஸ்.எஸ்.பி.யில் தெரியும். எங்கள் பக்கம் பங்குனி, சித்திரை வெயிலில் ஓட்டு வீட்டு அறை சூடேறும்போது, காலையில் குறித்து வைத்த திருத்தம் பிற்பகலில் பொருந்துவதில்லை.

தாராபுரத்துக்கு அருகில் தோட்டத்தில் இருக்கும் நண்பர், சூரிய மின்பலகையும் பேட்டரியும் மட்டுமே வைத்து இதை இயக்குகிறார். முழுத் திறனில் அனுப்பும்போது இது 23 ஆம்பியர் வரை இழுக்கும். இயங்க வேண்டிய மின்னழுத்தம் 13.8 வோல்ட், அதிலிருந்து 15 விழுக்காடு கூடவோ குறையவோ செய்யலாம். கணக்கிட்டால் 11.7 வோல்ட் வரை தாங்க வேண்டும். ஆனால் மெல்லிய கம்பியில் நீண்ட தூரம் இழுத்தால், பேட்டரியில் 12.3 இருந்தாலும் பேசும்போது செட்டுக்கு 11.5கூட வந்து சேராது. குரல் உடைந்து, அலைவரிசை தடுமாறும். அவர் தடித்த செம்புக் கம்பியாக மாற்றிப் பேட்டரியைச் செட்டுக்குப் பக்கத்திலேயே வைத்தார், சிக்கல் தீர்ந்தது. என் வீட்டில் நான் பட்ட பாடு வேறு. கோவையில் ஒரு கடையில் வாங்கிய எஸ்.எம்.பி.எஸ். பவர் சப்ளை, 30 ஆம்பியர் என்று முகப்பில் எழுதியிருந்தும், கோடைக்காலத்தில் 18 ஆம்பியரிலேயே அணைந்துவிடும். அத்துடன் 145 பட்டையில் ஒவ்வொரு சில கிலோஹெர்ட்ஸுக்கும் ஒரு விசிலையும் எழுப்பும். அதை ஒதுக்கிவிட்டு, டிரான்ஸ்ஃபார்மர் வைத்த பழைய மாதிரிக் கனத்த பவர் சப்ளைக்கு மாறிய நாளில்தான் இந்தச் செட்டின் காது எவ்வளவு கூர்மையானது என்பதை முதன்முதலாக அறிந்தேன்.

செட்டின் மீது பலரும் சுமத்தும் ஒரு பழியைக் கொஞ்சம் விரிவாகவே பேச வேண்டும். "145இல் அனுப்பும்போது 435இல் காது அடைத்துவிடுகிறது" என்பது அது. ஆர்எஸ்-44, பன்னாட்டு விண்வெளி நிலையம் ஆகிய இரண்டிலும் நாம் 145இல் அனுப்பி 435 பட்டையில் கேட்கிறோம். 145ஐ மூன்றால் பெருக்கினால் 435. அதாவது நம் அனுப்பியின் மூன்றாம் இசையம் (மும்மடங்கு அலைவரிசையில் எழும் துணை அலை) நாம் கேட்கும் பட்டைக்குள்ளேயே போய் விழுகிறது. இரண்டு யாகிகளும் (ஒரு திசையை நோக்கும் ஆன்டெனாக்கள்) ஒரே குழாயில் ஒன்றரை அடி இடைவெளியில் இருந்தால் எந்தச் செட்டாக இருந்தாலும் காது அடைக்கத்தான் செய்யும். கேட்கும் பக்கத்துக் கேபிளில் 145ஐ மறித்து 435ஐ மட்டும் விடும் டூப்ளெக்ஸரோ ஃபில்டரோ ஒன்றைச் சேர்த்து, யாகிகளைக் குறுக்குக் குழாயின் இரு முனைகளுக்கும் தள்ளிவைத்து, திறனை 10 வாட்டுக்குக் குறைத்தபின் என் வீட்டில் இது முற்றிலும் நின்றுவிட்டது. ஹாம்சாட் காலத்தில் 435இல் அனுப்பி 145இல் கேட்டதால் எங்களுக்கு இந்தத் தொல்லையே தெரியாமல் இருந்தது.

திறனைக் குறைப்பது பற்றியும் சொல்ல வேண்டும். யாகி வைத்திருப்பவருக்கு ஆர்எஸ்-44 வழியாகப் பேச 10 வாட் தாராளம். 100 வாட்டைத் திறந்துவிட்டால் கோளின் டிரான்ஸ்பாண்டர் அந்த ஒருவருக்காகத் தன் உணர்திறனைக் குறைத்துக்கொள்ளும். மற்ற அனைவருடைய குரலும் அமுங்கிப்போகும். தன் குரல் கோளின் பீக்கனைவிட (கோள் தானே அனுப்பிக்கொண்டிருக்கும் அடையாள ஒலி) வலுவாகக் கேட்கிறதென்றால் குமிழைத் திருப்பிக் குறைக்க வேண்டும். உரிமத்தில் எத்தனை வாட்டுக்கு அனுமதி உள்ளதோ அதற்குள் நிற்பது எப்படியும் கடமை. நம் நாட்டில் அமெச்சூர்களுக்கு உள்ள பட்டை 144 முதல் 146 வரையும், 434 முதல் 438 வரையும் என்பதையும் மறக்கக் கூடாது. செட் 430 முதல் அனுப்பும் என்பதற்காக நாம் அனுப்பிவிட முடியாது. 1974இல் ஏவப்பட்டு, 1981இல் பேட்டரி செத்து அடங்கி, 2002இல் வெயிலின் வலுவில் மட்டும் மீண்டும் உயிர்பெற்ற ஏஓ-7 கோளுக்கு மேலே அனுப்ப வேண்டிய அலைவரிசை 432.1 மெகாஹெர்ட்ஸ் அருகில் இருக்கிறது. ஆகவே அதன் வழியாக இங்கிருந்து நான் பேசுவதில்லை. 145.9 மெகாஹெர்ட்ஸில் அதைக் கேட்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். ஐம்பது வயதான கோளின் குரலைக் கேட்பதே பெரும் நிறைவு.

கோள்களை விட்டுத் தரைவழிப் பேச்சுக்கு வந்தால், 145 பட்டையில் எஸ்.எஸ்.பி. என்பது நம் வட்டாரத்தில் அரிதாகவே கேட்கிறது. இருந்தும், பாலக்காட்டுக் கணவாய் இருக்கும் திசைக்கு யாகியைப் படுக்கை வாட்டத்தில் திருப்பி, முன்கூட்டியே தொலைபேசியில் நேரம் பேசி வைத்துக்கொண்டால், எஃப்.எம்.மில் சீற்றமாக மட்டுமே கேட்கும் திருச்சூர்ப் பக்கத்து நிலையங்களை எஸ்.எஸ்.பி.யில் ஒவ்வொரு சொல்லாகப் புரிந்துகொள்ள முடிகிறது. ஆடிக் காற்றுக்கு வழிவிடும் அதே இடைவெளி அலைகளுக்கும் வழிவிடுகிறது. மலைத்தொடர் மறிக்கும் மற்ற திசைகளில் எத்தனை வாட் கொடுத்தாலும் பயனில்லை. (அந்த ஆடிக் காற்றில், யாகியைத் திருப்பும் மோட்டாரான ரோட்டரின் பிடிமானம் இரண்டு முறை நழுவியிருக்கிறது, ஆனியிலேயே ஏணி போட்டு மறைகளை முறுக்கி வைப்பது நல்லது.)

சத்தியமங்கலம் நண்பருடைய கருத்தே எல்லாவற்றிலும் கடுமையானது: "இதற்குக் கொடுத்த காசு வீண்." அவர் சொன்னது அவர் வரையில் உண்மை. அவர் நாள்தோறும் பேசுவது மலைமேல் உள்ள ரிப்பீட்டர் (வாங்கிய குரலை வலுவாக்கித் திருப்பி அனுப்பும் நிலையம்) வழியாக எஃப்.எம்.மில் மட்டும். அதற்கு வண்டியில் பொருத்தும் 50 வாட் இருபட்டைச் செட் ஒன்று மூன்றில் ஒரு பங்கு விலைக்குக் கிடைக்கும். ஒரே பட்டையில் இரண்டு அலைவரிசைகளை ஒரே நேரத்தில் கேட்கும் வசதியும் அவ்வகைச் செட்டுகள் சிலவற்றில் உண்டு. ஐசி-910எச்சில் அது முடியாது. ஒரு பக்கம் 144 இருந்தால் மறுபக்கம் 430தான் இருக்க வேண்டும். உள்ளூர் ரிப்பீட்டரையும் அவசரகால நெட்டையும் (பலர் ஒரே அலைவரிசையில் கூடிப் பேசுவது) சேர்த்துக் கேட்க விரும்பியவருக்கு இது பெரிய குறை. அவர் இதை விற்றுவிட்டது சரியான முடிவு.

இப்போது வாங்க நினைப்பவர், விற்பவர் வீட்டுக்கே போய், இரண்டு பட்டைகளிலும் வாட் மீட்டரும் டம்மி லோடும் (ஆன்டெனாவுக்குப் பதிலாகத் திறனை வாங்கிக்கொள்வது) வைத்துத் தொடர்ந்து இரண்டு நிமிடம் அனுப்பிப் பார்க்க வேண்டும். 430இல் திறன் மெல்ல மெல்ல இறங்கினால் வேண்டாம் என்று சொல்லிவிடலாம், ஏனெனில் இறுதிநிலைப் பாகங்களை இனித் தேடிப் பிடிப்பது கடினம். மூடியைத் திறந்து யுடி-106 பலகையும் ஃபில்டரும் உண்மையில் உள்ளனவா என்று கண்ணால் பார்க்க வேண்டும். மேலே விண்வெளி நிலையம் வரும் நேரத்தைக் கணக்கிட்டுப் போனால், 437.800 மெகாஹெர்ட்ஸில் அதன் ரிப்பீட்டரைக் கேட்டு ஏற்பியையும் சோதிக்கலாம், 145.990இல் ரிப்பீட்டரைத் திறக்கும் 67 ஹெர்ட்ஸ் டோனுடன் அழைத்துப் பார்த்தால் டோன் சுற்றும் சோதித்ததாகிவிடும். இவ்வளவும் சரியாக இருந்த ஒரு செட்டைத்தான் கடந்த மாசியில் கோபி ஆசிரியர் தம் பழைய மாணவி ஒருவருக்காகத் தேடிப் பிடித்தார். அந்தப் பெண் தேர்வெழுதிவிட்டார். உரிமம் இன்னும் கைக்கு வரவில்லை. அதுவரை செட் ஆசிரியர் பெயரில் அவர் வீட்டிலேயே இருக்கிறது, மாலை நேரங்களில் அவர் பேச, அந்தப் பெண் பக்கத்தில் அமர்ந்து டயலைத் திருப்பிப் பழகுகிறார்.